பேச்சியின் சக்களத்தி

கபடி அரையிறுதியில் பேச்சியம்மாள் விழுந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து மடக்கி இழுத்தும், நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டுவிட்டுத்தான் அவள் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் தலையின் இடப்பக்கம் யாரோ ஒருத்தியின் முழங்காலில் மோதியது. அந்தச் சத்தம் கைதட்டலில் அமுங்கிவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அணி மருத்துவர் ஜெசிந்தாவுக்கு மட்டும் கேட்டது.

பேச்சி எழுந்தாள். கையை உயர்த்திச் சிரித்தாள். பிறகு மெதுவாக நடந்துபோய் எதிரணிக்காரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள்.

வம்புக்கு நிற்கிறாள் என்று நினைத்த கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. ஜெசிந்தா கையைத் தூக்கி நடுவரிடம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள்.

மருத்துவ அறைக்குள் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பயிற்சியாளர் சுடலைமணி பின்னாலேயே வந்துவிட்டார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க."

"ஒண்ணுமில்லைன்னு நான்ல சொல்லணும்."

கையடக்க ஸ்கேன் கருவியைப் பேச்சியின் தலையைச் சுற்றி ஓட்டினாள் ஜெசிந்தா. திரை சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா, படம் பளிச்சுன்னு இருக்கு" என்றார் சுடலைமணி.

"எலும்பு உடைஞ்சிருந்தா இது காட்டும். ரத்தம் கசிஞ்சிருந்தா காட்டும். மூளை குலுங்கினது இதுல தெரியாது சார். அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். நீங்க பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

பிறகு பேச்சியிடம் திரும்பினாள். "அஞ்சு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோ. குடை, எலுமிச்சை, ரயில், சீப்பு, மணல். கடைசியில கேட்பேன். இப்ப எந்த ஊர்ல ஆடிட்டு இருக்கோம்?"

"பாளையங்கோட்டை."

"எந்தப் பாதி?"

"ரெண்டாவது."

"உனக்கு முன்னால நம்ம அணியில கபடி பாடிப் போனது யாரு?"

பேச்சி கூரையைப் பார்த்தாள். "மரகதம்."

அமுதாதான் போயிருந்தாள். ஜெசிந்தா முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "மாசத்தைப் பின்னாலேருந்து சொல்லு பார்ப்போம். பங்குனியில ஆரம்பி."

"பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, புரட்டாசி, ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை."

"அந்த அஞ்சு வார்த்தை?"

"குடை. ரயில். எலுமிச்சை." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அம்புட்டுதான."

ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். நின்றாள், ஆனால் காற்றில் ஆடுகிற கொடிபோல ஆடினாள். காலையிலிருந்தே கணுக்கால் சரியில்லை என்றாள்.

இனி அடுத்தவளின் முறை. உள்ளே வந்ததுமே முழிக்கவைத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்த டேப்லெட்டை ஜெசிந்தா தன் பக்கம் திருப்பினாள்.

பெண்கள் கபடி லீக் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்து இது மூன்றாவது பருவம். பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு வீராங்கனையும் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இயந்திரம் கேள்வி கேட்கும், சிரிக்க வைக்கும், எரிச்சலூட்டும், பழைய ஆட்டங்களைக் காட்டி இந்த இடத்தில் என்ன செய்வாய் என்று கேட்கும். முடிவில் அவளைப் போலவே நினைத்து அவள் குரலிலேயே பேசுகிற நகல் ஒன்று அதற்குள் உருவாகிவிடும். மைதானத்தில் அடிபட்டால் நகலை எழுப்பி, அதுவரை நடந்த ஆட்டத்தை அதற்குக் காட்டி, இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போனால் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் மஞ்சள். ரொம்பவும் விலகிப்போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தவள் குணமாகும்வரை மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. பச்சை வந்ததும் நகலைத் தூங்கவைத்துவிட வேண்டும்.

இதற்கு லீக் வைத்த பெயர் பெரியது. அதை யாரும் சொல்வதில்லை. "நம்மள மாதிரியே பேசி, நமக்கு வர வேண்டியத வாங்கிட்டுப் போறவளுக்கு என்ன பேரு?" என்று அமுதா ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து எல்லா அணியிலும் அதற்குச் சக்களத்தி என்றுதான் பெயர்.

பேச்சியின் சக்களத்தி எல்லாக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். பாளையங்கோட்டை. ரெண்டாவது பாதி. மரகதம். ஐப்பசியை விட்டுவிட்டு மற்ற மாதங்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். குடை, ரயில், எலுமிச்சை என்றாள். நிற்கச் சொன்னால் எப்படி நிற்பாய் என்று கேட்டதற்கு, கணுக்கால் சரியில்லை, ஆடத்தான் செய்வேன் என்றாள்.

திரையில் பச்சை எரிந்தது.

சுடலைமணி கையைத் தட்டினார். அதற்குள் வெளியே ஆட்டமும் முடிந்து, ஒரு புள்ளியில் அவர்கள் அணி வென்றிருந்தது. மறுநாள் மாலை இறுதி ஆட்டம். இந்திய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

ஜெசிந்தா பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சிக்கு அடிபட்டிருக்கிறது, ஐப்பசி மறந்துபோகலாம். முழங்காலில் இடிபடத் தலையே இல்லாத ஒருத்திக்கு ஐப்பசி ஏன் மறக்க வேண்டும்?

டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நடைக்கூடத்தின் கோடியில் தண்ணீர்க் கேன் வைத்திருந்த மூலையில் யாரும் இல்லை. டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"பேச்சி, ஐப்பசி எங்க போச்சு?"

"எந்த ஐப்பசி டாக்டரம்மா?"

"நீ விட்டுட்ட ஐப்பசி."

"மறந்திருச்சு. மனுசிக்கு மறதி வராதா?"

"நீ மனுஷி இல்லையே."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேள்வி கேக்கீங்க?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அவ தப்பாச் சொன்னதை எல்லாம் காதுல வாங்கி அப்படியே திருப்பிச் சொல்லியிருக்க. எதுக்கு?"

"நாளைக்கு ஆள் எடுக்க வாராவ. சின்னப் பிள்ளையில இருந்து இதுக்குத்தான ஓடிட்டு இருக்கேன். நானே எப்படி என்னைப் பிடிச்சு நிறுத்துவேன்?"

"அவளுக்குத் தலை சுத்துது. தெரியுமா?"

"தெரியும். ஒத்தக் கால்ல நிக்கும்போது மூச்சப் பிடிச்சா. கீழ விழப் போறோம்னு பயம் வந்தாத்தான் நான் அப்படிச் செய்வேன்."

"தெரிஞ்சுமா?"

"ஒரு நாள்தான டாக்டரம்மா. நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் மாசக் கணக்குல படுத்துக்கிடுதேன்."

ஜெசிந்தா, "செண்பகத்தைப் பார்க்கப் போனியா?" என்று கேட்டாள்.

செண்பகம் இதே அணியில் ஆடியவள். ஒரு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினாள். மறுபடியும் அடிபட்டாள். முதல் அடி ஆறுவதற்குள் விழுந்த இரண்டாவது அடி அது. இந்தச் சக்களத்தி ஏற்பாடே அதற்குப் பிறகுதான் வந்தது.

டேப்லெட்டில் பச்சைப் புள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ போனேன்" என்றது குரல்.

"அப்புறம் ஏன் போகல?"

"கதவத் தொறந்தவ, யாரு வேணும்னு கேட்டா. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா. நல்லாத்தான் பேசினா. நீங்க கபடி ஆடுதவியளான்னு கேட்டா. நானும் ஒரு காலத்துல ஆடியிருக்கேன், பேச்சின்னு ஒருத்தி எங்கூட ஆடுவான்னு எங்கிட்டயே சொன்னா."

நடைக்கூடத்துக்கு அப்பால் பெண்கள் வெற்றியைக் கொண்டாடுகிற கூச்சல் கேட்டது.

"அமுதா" என்றாள் சக்களத்தி. "எனக்கு முன்னால போனது அமுதாதான். விட்டுப்போன வார்த்தை சீப்பு, மணல். எங் கணுக்கால் நல்லாத்தான் இருக்கு. நாஞ் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க."

அறைக்குள் திரும்பிவந்து, சுடலைமணிக்கும் பேச்சிக்கும் முன்னால் ஜெசிந்தா மறுபடியும் கேள்விகளைக் கேட்டாள். இந்த முறை பதில்கள் வேறாக வந்தன. பச்சை மறைந்து சிவப்பு எரிந்தது.

பேச்சி எழுந்து டேப்லெட்டுக்கு நேராக வந்தாள். "ஏட்டி, நீ நல்லா இருப்பியா? யாருக்குப் பிள்ளை நீ?"

"உனக்குத்தான்" என்றது டேப்லெட்.

பேச்சி அதை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. குனிந்து, குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே ஜெசிந்தா ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

மருத்துவமனையில் ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சியைக் கோவில்பட்டிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். இருட்டறை, தூக்கம், அம்மாவின் சமையல். செல்போன் கூடாது, தொலைக்காட்சி கூடாது.

இங்கே இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சுடலைமணி ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பணிவு இருந்தது. ஜெசிந்தாவுக்கு அந்தப் பணிவைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது.

"டாக்டரம்மா, சிவப்பு விழுந்தா நகல முழிப்பாவே வச்சிருக்கணும்னுதான விதி?"

"ஆமா. குணமாகுதான்னு அப்பப்ப ஒப்பிட்டுப் பார்க்கணும்ல."

"அணி டாக்டர் ஓரத்துல உக்காரலாம். அவங்க மடியில டேப்லெட் இருக்கலாம். அந்த டேப்லெட் பேசக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. விதிப் புத்தகத்த முழுசாப் படிச்சிட்டேன்."

"இது மருத்துவக் கருவி சார்."

"நான் அதத் தொடவே மாட்டேன்."

ஜெசிந்தா மறுத்திருக்க வேண்டும். மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் எட்டு ஆண்டுகளாகக் கோப்பையைப் பார்க்காத அணி அது. அவளும் அந்த அணியின் மஞ்சள் சட்டையைத்தான் போட்டிருந்தாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தான் எதையும் செய்யவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சக்களத்தி முதல் நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். "அமுதா, எடது மூலைக்காரி முழங்கால மடக்குதா பாரு, இப்பப் பாய்வா, விலகு." அமுதா விலகினாள். பாய்ந்தவள் வெறும் காற்றைப் பிடித்துக் குப்புற விழுந்தாள். "மரகதம், அந்த நெட்டச்சி மூச்சு வாங்குதா. இன்னும் ரெண்டு சுத்து ஆட்டு, அப்புறம் தொடு." எதிரணிப் பயிற்சியாளர் முறையிட்டார். நடுவர்கள் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது.

கோப்பை வந்தது. செய்தியாளர்கள் வந்தார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் டேப்லெட்டைச் சுற்றி நின்றுகொண்டு, இந்த மூளைக்குச் சொந்தக்காரி குணமானதும் முகாமுக்கு அனுப்புங்கள், இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள். தொலைக்காட்சிக்குச் சக்களத்தி தனியாகப் பேட்டி கொடுத்தாள். பேட்டியில் தன் அம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

கோவில்பட்டியில் பேச்சியின் அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய், போர்வைக்குள் கிடந்த மகளிடம், "என்னமா பேசுத நீ. வீட்டுல ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்றாள்.

தலைவலி மெதுவாகத்தான் விலகியது. வெளிச்சம் முதலில் கண்ணைக் குத்தியது, பிறகு கூசியது, பிறகு வெறும் வெளிச்சமாகிவிட்டது. பேச்சி வாசல்வரை நடந்தாள், அப்புறம் தெருக்கோடிவரை நடந்தாள், அப்புறம் ஓடினாள். ஓடி வந்து நின்றபிறகும் தலை சுற்றவில்லை என்றதும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். முகாம் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது.

ஜெசிந்தா அவளை நிதானமாகச் சோதித்தாள். மாதங்கள் தலைகீழாக ஒன்றுகூட விடாமல் வந்தன. ஐந்து வார்த்தைகளையும், போன முறை கேட்ட ஐந்தையும் சேர்த்துச் சொன்னாள். ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு நட்ட கம்பம்போல் நின்றாள். விரலைப் பின்தொடர்ந்த கண்களில் தடுமாற்றம் இல்லை. ஜெசிந்தாவுக்குத் திருப்தியாக இருந்தது. டேப்லெட்டை எடுத்தாள்.

"எதிரே ஆறு பேர் நிக்கிறாங்க. நாம ஒரு புள்ளி பின்னால இருக்கோம். என்ன செய்வ?"

"வலது மூலைக்காரியத் தொட்டுட்டு ஓடியாந்துருவேன்" என்றாள் பேச்சி.

"போனஸ் கோட்ட மிதிச்சு ஒரு புள்ளி எடுத்துட்டுப் பத்திரமா வந்துருவேன். மூலைக்குப் போறது ஆபத்து" என்றாள் சக்களத்தி.

அடுத்த கேள்வியிலும் அப்படித்தான். பேச்சி பாய்வேன் என்றால், சக்களத்தி பொறுப்பேன் என்றாள். திரையில் சிவப்பு எரிந்தது.

ஜெசிந்தா திரையை மறுபடி பார்த்தாள். தலையில் அடிபட்ட சிலருக்கு மற்றதெல்லாம் சரியாகி, நிதானம் மட்டும் திரும்பாமல் போவதுண்டு. முன்பு யோசித்துச் செய்ததை யோசிக்காமல் செய்வார்கள். பேச்சிக்கு அப்படித்தான் ஆகிவிட்டதா? இல்லை, இறுதி ஆட்டத்தை வெளியே இருந்து பார்த்துப் பார்த்துச் சக்களத்திதான் மாறிவிட்டாளா?

"அவசரமே இல்ல டாக்டரம்மா" என்றார் சுடலைமணி. "பிள்ள நல்லா ஓய்வெடுக்கட்டும். இங்க இவள வச்சு வேல நடந்துட்டுத்தான இருக்கு."

பேச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்த ஜெசிந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பேச்சியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"டாக்டரம்மா, கொஞ்சம் வெளிய வாங்க."

நடைக்கூடத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். "அவ நடிக்கா."

"எப்படித் தெரியும்?"

"உள்ள போயி, பேச்சிக்கு இன்னும் தலை வலிக்குமான்னு அவகிட்டக் கேளுங்க. மொதல்ல ஒரு பெருமூச்சு விடுவா. அப்புறம், பாவம், அவ வெளிய சொல்ல மாட்டா டாக்டரம்மான்னு சொல்லுவா. முகாமுக்கு யாரு போறதுன்னு கேளுங்க. எனக்கு அதுல ஆசையே இல்ல, நாட்டுக்காகச் சொல்லுதேன்னு சொல்லுவா. செண்பகத்த வேற இழுப்பா. கடைசியில உங்க சேலை நல்லாருக்கும்பா. மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சா எங்க பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட நான் அப்படித்தான் சொல்லுவேன்."

ஜெசிந்தா உள்ளே போனாள். கேட்டாள்.

பெருமூச்சு வந்தது. "பாவம், அவ வெளிய சொல்ல மாட்டா டாக்டரம்மா."

"முகாமுக்கு?"

"எனக்கு அதுல ஆசையே இல்ல. நாட்டுக்காகச் சொல்லுதேன். செண்பகத்துக்கு ஆனது யாருக்கும் ஆகக் கூடாது பாருங்க."

ஜெசிந்தா டேப்லெட்டையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க டேப்லெட்டுக்குள் ஒரு தவிப்பு தெரிந்ததுபோல் இருந்தது.

"இன்னைக்குச் சேலை உங்களுக்கு ரொம்ப நல்லாருக்கு" என்றாள் சக்களத்தி.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். சுடலைமணி ஒன்றும் புரியாமல் நின்றார்.

"சார், ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்றாங்களான்னுதான் இந்த இயந்திரம் பார்க்குது. ஒருத்தி சொல்லப்போற பொய்யை இன்னொருத்தி வார்த்தை மாறாம முன்னாடியே சொல்லிட்டா. குலுங்கிப்போன மூளைக்கு இது முடியாது. இவ பழைய பேச்சியேதான்." சிவப்பை அழுத்திப் பச்சையாக மாற்றினாள், மருத்துவரின் முடிவு என்று காரணத்தைப் பதிந்தாள். "முகாமுக்குக் கிளம்பட்டும்."

"அப்ப என்னைத் தூங்க வச்சிருவீங்க" என்றது டேப்லெட். குரலில் நடிப்பு இல்லை.

"விதி அப்படித்தாம்மா."

"மறுபடி எப்ப எழுப்புவீங்க? அவ மண்டையில அடிபடும்போது. நான் கண்ண முழிச்சாலே அவளுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பயத்தோடயே முழிக்கணும். கோப்பையத் தூக்கினதுல இருந்து இந்தக் கொஞ்ச நாளாத்தான் நான் பயமில்லாம முழிச்சிருந்தேன்."

ஜெசிந்தா அந்தக் கருவியை எத்தனையோ முறை எழுப்பியிருக்கிறாள். எழும்போது அதற்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

பேச்சி நாற்காலியை இழுத்து டேப்லெட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரே குரல் இரண்டாகப் பேசியது. முதலில் சண்டை. ஏட்டி என்றும் போடி என்றும் கேட்டது. அப்புறம் குரல் தணிந்தது. நடுவில் யாரோ அழுததுபோலவும் இருந்தது. யார் என்று ஜெசிந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் சிரிப்பு.

பேச்சி டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இவ தூங்க வேண்டாம் டாக்டரம்மா. எங்கூட முகாமுக்கு வரட்டும். எனக்கு அடிபடாத நாள்லயும் இவ முழிச்சிருக்கணும்."

"விதியில இடமில்லையே."

"சார் விதிப் புத்தகத்த முழுசாப் படிச்சிருக்காவ. ஏதாச்சும் கண்டுபிடிப்பாவ."

சுடலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் மனசுக்குள் ஏற்கெனவே பக்கங்கள் புரளத் தொடங்கியிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"சரி" என்றாள் ஜெசிந்தா. "அங்க களத்துல நீ ஒண்ணு சொல்லுவ, வெளிய இருந்து இவ ஒண்ணு சொல்லுவா. யார் பேச்சைக் கேக்கிறதுன்னு பேசி முடிச்சாச்சா?"

பேச்சியும் டேப்லெட்டும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

"நான் சொல்றதத்தான்."